உருவாஞ்சுருக்கு

“உருவாஞ்சுருக்குப் போடச் சொன்னேன். நீ போட்டது என்ன?”

கட்டுக்கலையில் மளிகைக் கடை வைத்திருந்த தாஸிம் முதலாளி, கடையின் பின்முற்றத்தில் வெறும் கயிற்றைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். வெள்ளிக்கிழமை விருந்துக்கென்று வைத்திருந்த கிடாக்குட்டியைக் காணோம். அவர் மனைவி ருக்கியா கஞ்சித்தண்ணி ஊட்டி வளர்த்த குட்டி அது.

“உருவாஞ்சுருக்குத்தான் மொதலாளி போட்டேன்” என்றான் வண்டிக்காரன் பழனியாண்டி. பதினைந்து வருடமாக இந்தக் கடைக்குத் தெல்தோட்டையிலிருந்து மூட்டை ஏற்றி வருகிறான். ஊருக்குள் லொறி வந்ததிலிருந்து, அவனைக் கழற்றிவிட முதலாளி நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உருவாஞ்சுருக்கு எண்டா இழுக்க இழுக்க இறுகணும்!”

“அதுக்கு எங்க தோட்டத்துல பேரு கண்ணி. நுனிய உருவுனா ஒடனே அவுந்துரணும், அதுதாங்க உருவாஞ்சுருக்கு. சரிவுல பொதிமாடு சறுக்குனா மூட்டைய எப்படி மொதலாளி எறக்குறது?”

“அவுந்துரும் எண்டு நீயே சொல்றியே! நாளைக்கே லொறிக்குச் சொல்றேன். வண்டியும் வாணாம், நீயும் வாணாம்.” ஆட்டைத் தேடிப் போக அவர் குடையை எடுத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ருக்கியாவின் குரல் வந்தது. “கொஞ்சம் நில்லுங்க. எங்கட வாப்பாவும் பழனியாண்டி சொல்ற மாதிரித்தான் சொல்லுவாங்க.”

“உங்கட வாப்பாவுக்கு முடிச்சப் பத்தி என்ன தெரியும்?”

குடை கீழே போனது. மாமனாரின் அறியாமையை அவர் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடியும் குடையை எடுத்தார்.

“வாயால பேசி என்ன? கட்டிப் பாருங்களேன்” என்றாள் ருக்கியா.

பழனியாண்டி முதலாளியின் இடுப்பில் கயிற்றைச் சுற்றித் தூணோடு கட்டினான். “இப்ப ஆடு மாதிரி இழுங்க மொதலாளி.”

அவர் இழுத்தார். முகம் சிவக்க, தொப்பி கீழே விழ, திமிறியும் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. பழனியாண்டி நுனியை இரண்டு விரலால் உருவினான். முதலாளி முற்றத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்ப நுனிய உருவினது யாரு?”

“ஆடுதான். வாயில கடிச்சு இழுத்திருக்கும்” என்றாள் ருக்கியா. “விருந்துக்குக் கோழி போதும். பாவம், அவர்ல பிழை இல்ல.”

“சரி, வண்டி ஓடட்டும்” என்று முதலாளி எழுந்து சாரத்தைத் தட்டினார். “ஆனா அதுக்குப் பேரு உருவாஞ்சுருக்கு இல்ல!”

பழனியாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் வாசலுக்குப் போனபோது ருக்கியா சன்னல் வழியாகச் சொன்னாள்: “குண்டசாலையில எங்கட ராத்தா வீட்டுக்குப் பலாக்காய் அனுப்புறேன். வண்டிக் கூண்டுக்குள்ள ஏத்தி, சாக்குப் போட்டு மூடி இரிக்கி. மெதுவா ஓட்டுங்க.”

நன்றியோடு மெதுவாகவே ஓட்டினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பலாக்காய் “ம்மே” என்றது.