கணக்குக் கருவியின் வயிற்றெரிச்சல்

அருள்மொழியின் மேசையில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இரண்டு விளையாட்டுக் கருவிகள் இருந்தன; ஒன்று எழுத்தும் மற்றது கணக்கும் சொல்லித்தரும். பழைய எழுத்துக் கருவியைத் திறந்து, ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்து, தானே எழுதிய பாம்பு விளையாட்டை அதில் ஏற்றினாள். கணக்குக் கருவிக்கு வயிறு எரிந்தது.

"உன்னை மட்டும்தான் அவள் தொடுகிறாள்" என்றது.

"என் திரை மங்கிப்போச்சு. நீ முழுசாக இருக்கிறாய், உனக்கென்ன குறை?" என்றது எழுத்துக் கருவி.

கணக்குக் கருவிக்கு மனம் ஆறவில்லை. தன்னையும் திறக்கட்டும் என்று, மறுநாள் அவள் பொத்தானை அழுத்தியபோது செத்ததுபோலக் கிடந்தது.

அவளும் திறந்தாள். "இது போயிடுச்சு. திரையாவது உதவும்" என்று அதைக் கழற்றி எழுத்துக் கருவியில் பொருத்தினாள். பாம்பு பளிச்சென்று ஓடியது.

உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டக் கணக்குக் கருவி துடித்தது. காட்டுவதற்குத் திரை இல்லை.