நரகத்துக்கு முடிவு உண்டா?

செவிலிமேட்டில் தேவநேசன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நத்தானியேல் பட்டு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அவனுடைய அப்பா ஈசாக்கு, பெண்ணைப் பாடச் சொல்லவில்லை. வேதத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"நரகத்துக்கு முடிவு உண்டாம்மா?"

தேவநேசனுக்கு வியர்த்தது. அவருடைய ஞாயிற்றுக்கிழமை சபையில் நரகத் தண்டனைக்கு முடிவே கிடையாது. ஈசாக்கின் சனிக்கிழமை சபையிலோ, பாவி எரிந்து சாம்பலானதும் தண்டனை முடிந்துவிடும். இந்தக் கேள்வியாலேயே ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது.

"உண்டு மாமா," என்றாள் தேவநேசனின் மகள் சாலோமி. "சோதோம் பட்டணம் நித்திய அக்கினியில எரிஞ்சுது. இன்னுமா எரிஞ்சிக்கினு இருக்குது? சாம்பலாகி முடிஞ்சிடுச்சே!"

ஈசாக்கு பூரித்துப்போனார். தேவநேசனின் முகம் கறுத்தது.

"நீங்க சொல்லுங்க தம்பி," என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"முடிவு இல்லீங்க. நித்திய ஜீவன், நித்திய ஆக்கினை ரெண்டையும் ஆண்டவர் ஒரே வசனத்துல சொல்றாரு. மோட்சம் முடியாதுன்னா நரகமும் முடியாது."

இப்போது தேவநேசன் பூரித்தார். சாலோமியின் அம்மாவுக்குத்தான் சந்தேகம் தட்டியது.

"இருங்க. இவ சொன்னது அவங்க சபை பதில். அவரு சொன்னது நம்ம சபை பதில். ஏன்டி, யாருகிட்டடி கத்துக்கின?"

சாலோமி நத்தானியேலைப் பார்த்தாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் அத்தை," என்றான் நத்தானியேல். "எனக்கு இவ சொல்லிக் குடுத்தா. ரெண்டு வருஷமா ஒரே பஸ்ஸுலதான் போறோம்."

ஈசாக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

"அவங்க பார்த்து முடிச்சிட்டாங்க. இன்னிக்கு நாமதான் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வந்திருக்கோம், சம்பந்தி!"