மொசார்ட் வீட்டம்மா

தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. மேல்நாட்டு இசைமேதையின் பெயரால் மொசார்ட் சார் என்றால்தான் தெரியும். வீட்டில் இருந்தால் காதில் ஹெட்போன். மனைவி வாயைத் திறந்தால் ஒரு விரலை உயர்த்துவார்.

"மொசார்ட் ஓடுது. குறுக்க பேசாத."

நாளடைவில் அவளும் 'மொசார்ட் வீட்டம்மா' ஆகிவிட்டாள்.

பக்கவாதம் வந்து அவருக்குக் கைகாலும் பேச்சும் போனபின், அவளே அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிவிட்டாள். விடிந்ததிலிருந்து தூங்கும்வரை மொசார்ட்.

பார்க்க வந்த ஆபீஸ் நண்பர் நெகிழ்ந்துபோனார். "கண்ணுல தண்ணி வருது பாருங்கம்மா. மொசார்ட்னா சாருக்கு உயிராச்சே."

"அதான் நிறுத்த மனசே வரல," என்றாள்.

நண்பர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, கணவர் காதருகே குனிந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இந்த வயரைச் சொருகியிருக்கீங்களா? பெருக்கும்போதெல்லாம் நாற்காலிக்குப் பின்னால சும்மா தொங்கிட்டு இருக்கும். நான் பேசுறது காதுல விழக் கூடாது, அவ்வளவுதானே?"

எதையாவது பேசிக்கொண்டே இரேன் என்று அவர் கண்கள் கெஞ்சின.

அவள் ஹெட்போனைச் சரியாக மாட்டி, சத்தத்தைக் கூட்டினாள்.

"நீங்க கேளுங்க. நான் குறுக்க பேசல."