பீட்டருக்கு ஒரு நாள்

"பீட்டருக்கு ஒஸ்லோவில ஒரு நாள்தான் கிடைச்சிருக்கு. என்னத்தைப் பாக்கலாம் எண்டு கேட்டவர்," என்றார் கேதீஸ்வரன், கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு. எதிர்க் கதிரையில் அவருடைய மனைவி பவளம் கொப்பியும் பேனையுமாக மூச்சுக் காட்டாமல் இருந்தாள். அவர்கள் இருக்கிற டூங்கபியில் மாலை ஆறு மணி, நோர்வேயில் காலை பத்து.

பீட்டர் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. அவர்கள் இருவரும் நள்ளிரவுச் சூரியன் பார்க்கப் போகிற சுற்றுலாவில் கடைசி நாள் ஒஸ்லோ. நிரலில் 'இன்று உங்கள் விருப்பம்' என்று போட்டிருந்த அந்த ஒரு நாளுக்காகத்தான் பவளம் பயணத்துக்கே ஓம் என்றாள்.

போன முறை லண்டனில் பத்து நாளில் பதினான்கு வீடு. எல்லா வீட்டிலும் மிக்ஸர், தேத்தண்ணி, பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு வீடியோ. தேம்ஸ் நதியைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் ஒருதரம் கண்டதோடு சரி. முப்பத்தொரு வருசக் கலியாணத்தில் ஒரு பகலாவது யார் வீட்டுச் சோபாவிலும் இருக்காமல், புருசனோடு தனியாக நடந்து திரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஆனால் இப்போது அழைப்பில் இருக்கிற, கேதீஸ்வரனின் மாமா மகன் வரதராஜாவின் வீடு ஒஸ்லோவில்தான். எந்தத் தமிழ் முகத்தைக் கண்டாலும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புட்டு அவிக்கிற குடும்பம் என்று பெயர். அதனால்தான் ஒஸ்லோ போகிற கூட்டாளி என்று சொல்லப் பவளம் பீட்டர் என்ற வெள்ளைக்காரனை உண்டாக்கினாள். இணையத்தில் ஆயிரம் இடம் கிடந்தாலும், ஒரு நாளில் எது ஏலும் என்று அங்கே இருக்கிறவருக்குத்தானே தெரியும்.

"ஆளுக்கு முழங்கால் ஏலுமோ?" என்று கேட்டார் வரதராஜா.

"போன வருசம் ஒபரேசன் செய்தது. இப்ப பரவாயில்லை," என்று தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார் கேதீஸ்வரன். பவளம் மேசைக்குக் கீழே அவரை உதைத்தாள்.

"அப்ப காலமை ஒப்பரா மண்டபத்தின்ர சரிவான கூரையில ஏறி நடக்கச் சொல்லு. பிறகு தீவுக் கப்பல். ஒரு தீவில இறங்கி, மற்றதுக்கு ஏறி, மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடிக்கலாம். பின்னேரம் சிலைப் பூங்கா. பிளைட் எத்தினை மணிக்கு?"

"இரவு ஒம்பதுக்கு."

"அப்ப ஆறுதலாப் பாக்கட்டும். ஆறு மணிக்கு நேரா ரெயினில எயார்போட். ஒரு நிமிசமும் மிச்சம் வராது."

பவளத்தின் கொப்பி நிறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியில் கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள். இப்படிப்பட்ட மனிசனையா ஏமாற்றுகிறோம் என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

"சரி மச்சான், வைக்கிறன்," என்றார் கேதீஸ்வரன். மற்றவர் வைப்பார் என்று இரண்டு பேருமே விட்டதில் அழைப்பு அறுபடவில்லை.

அங்கே வரதராஜாவின் மனைவி கலாவின் குரல் கேட்டது. "என்னவாமப்பா?"

"பீட்டராம். முழங்கால் ஒபரேசனும் செய்தவராம். கேதீசும் பவளமும்தான் வருகினம். விடியத்தொட்டு ஆறு மணி மட்டும் ரெண்டு பேரையும் கடலிலயும் பூங்காவிலயும் விட்டிட்டன். பயப்பிடாத, இஞ்சால் பக்கம் எட்டியும் பாராயினம்."

"அப்பாடா," என்றாள் கலா. "நானும் ஒரு நாளாவது குசினிக்குள்ள நிக்காம இருக்கலாம்."

பவளம் எட்டி, அழைப்பைத் தானே துண்டித்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. கேட்டது கேட்டபடி கிடைத்த பிறகு இப்படி ரோசம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"கப்பல் எத்தினை மணிக்கெண்டு பாப்பமோ?" என்று மெல்லக் கேட்டார் கேதீஸ்வரன்.

"கப்பலும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம். திருப்பி எடுத்து, நாங்கள்தான் வாறம், மூண்டு நேரச் சாப்பாடும் அங்கதான் எண்டு சொல்லுங்கோ."