உச்சரிப்பு வகுப்பு

எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பெண்கள் கழுத்தில் குரல்பட்டை அணிய வேண்டும். நாங்கள் சொல்வதை அது விழுங்கிவிட்டு, அடக்கமான வேறு பேச்சை எங்கள் குரலிலேயே வெளியே விடும். நான் தெளிவாகப் பேசாததுதான் காரணமோ என்ற சந்தேகத்தில் மாலை நேர உச்சரிப்பு வகுப்பில் சேர்ந்தேன். ஒரே வாக்கியத்தைக் கண்ணாடி முன் உதட்டை அசைத்து அசைத்துப் பழகினேன்.

இன்று பெண் பார்க்க வந்தார்கள். "எங்க பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், நான் படிக்கணும்" என்று ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திச் சொன்னேன்.

"பெரியவங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்றது பட்டை.

"அடடா, என்ன வளர்ப்பு! இப்பவே தட்டு மாத்திடலாம்" என்று அவர் சிரித்தார். மாற்றிவிட்டார்கள்.

எந்த எழுத்தில் தவறினேன் என்று யோசித்தபடி சமையலறையில் நின்றேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு, இடுப்பிலிருந்த சாவியால் தன் பட்டையைத் திறந்தாள். பட்டையில்லாமல் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"தெளிவாத்தான்டி சொன்னே. உன் உதட்டையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு நானும் இதையேதான் சொன்னேன்."

பிறகு தன் பட்டையைப் பூட்டிக்கொண்டு, என்னுடையதை இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.