நட்சத்திரத்துக்கு வில்லங்கம்

“இதுக்குத் தாய்ப்பத்திரம் எங்க, தம்பி?”

சகாயநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். போன வாரம் வரைக்கும் ஜெரால்டை ‘மாப்பிள்ளை’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், இன்று ‘தம்பி’ என்கிறார்.

மேசை மேல் கிடந்தது, நிச்சயதார்த்தத்துக்கு ஜெரால்ட் ஆஷ்லினுக்குக் கொடுத்த பரிசு. வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு ‘ஆஷ்லின்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது என்று சொல்லும் சான்றிதழ். நீல முத்திரை, தங்க நிற ஓரம், நீளமாக ஓர் எண். செல்போனில் விளம்பரம் பார்த்துக் காசைக் கட்டி வாங்கியது. ஆஷ்லின் நேற்றுத்தான் அதை அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். இன்று காலையில் அவரிடமிருந்து போன் வந்துவிட்டது. ஆஷ்லினை வேண்டுமென்றே கடைக்கு அனுப்பியிருக்கிறார் என்பது தெரிந்ததும் ஜெரால்டின் பயம் இரண்டு மடங்கானது.

நீடாமங்கலத்தில் சகாயநாதனிடம் பத்திரம் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் உதறலோடுதான் போவார்கள். அரை மா நிலமானாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். பட்டா, சிட்டா, நான்கெல்லை என்று அவர் குடைகிற குடைச்சலில், விற்க வந்தவனுக்கே அது தன் நிலம்தானா என்று சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு மருமகனாக வரப்போகிறவன் ஆகாயத்தில் போய் வாங்கியிருக்கிறான். நன்றாக மாட்டிக்கொண்டான்.

மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில், தடை இருந்தால் சொல்லலாம் என்று கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது. அதற்குள் பெண்ணைப் பெற்றவர் பங்குச் சாமியாரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நின்றுவிடும்.

“பேர் வைக்கிற அதிகாரத்தை இந்தக் கம்பெனிக்கு யாரு கொடுத்தது?”

ஏதோ ஒரு வெளிநாட்டு அரசாங்கம் என்று அடித்துவிடலாமா என ஜெரால்ட் ஒரு கணம் யோசித்தான். அவரால் சரிபார்க்க முடியாது. ஆனால் நாளைக்கு ஆஷ்லின் முகத்தில் விழிக்க வேண்டுமே.

“யாரும் கொடுக்கலைங்க, மாமா.”

பரிசைக் கொடுத்த பிறகுதான், கூத்தாநல்லூரில் இயற்பியல் நடத்தும் நண்பன் ஜாஃபர் சாதிக்கிடம் இதைப் பற்றிப் பேசியிருந்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். நட்சத்திரத்துக்கு முறையாகப் பெயர் வைப்பது உலக வானியலாளர்களின் சங்கம்; அவர்கள் காசுக்குப் பெயர் விற்பதில்லை. இந்தக் கம்பெனி எழுதி வைப்பது தன்னுடைய சொந்த நோட்டில். வானத்தை ஆராய்கிற யாரும் அந்த நோட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

“இதே நம்பரை இன்னொருத்தருக்கும் வித்திருப்பானா?”

“பத்துப் பேருக்குக்கூட விக்கலாம், மாமா. கேக்க ஆளில்லை.”

சகாயநாதன் எண்ணின் மேல் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக நகர்த்தினார். கடைசி இலக்கத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கோபத்தை அடக்குகிறார் என்று ஜெரால்ட் நினைத்தான்.

“மாடியில நின்னு பார்த்தா தெரியுமா?”

“வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க. அவன் கொடுத்த படத்துல வட்டம் போட்ட இடத்துல ஒண்ணு பளிச்சுன்னு இருக்கும். ஆனா அது வேற நட்சத்திரம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். திட்டித் தீர்த்திருந்தால்கூட ஜெரால்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொல்றீங்களா? ஏதாவது ஒரு ஆபீஸ்ல, ஒரு ரிஜிஸ்டர்ல இது ஏறியிருக்க வழியே இல்லையா?”

கேள்வி கேட்டே ஆளை மடக்குகிற மனிதர் இப்போது கெஞ்சுவது போல இருந்தது. ஜெரால்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இல்லைங்க, மாமா. நான் ஏமாந்துட்டேன். ஆஷ்லின்கிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி.”

“ஓலை வாசிக்கட்டும். உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளுக்குத்தான் பொண்ணு கொடுக்கணும்.”

ஜெரால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பத்திரக் கட்டுகளுக்கு அடியில் கையை விட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தார். அதே நீல முத்திரை. அதே எண். பெயர் மட்டும் வேறு: சகாயம்மாள்.

“ஆஷ்லினோட அம்மா தவறிப்போய், முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச அன்னைக்கு வாங்கினது,” என்றார் சகாயநாதன். “அன்னைக்கு நான் ஒரு கேள்விகூடக் கேக்கலை, மாப்பிள்ளை.”