துழாவி-2

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை பதினோரு மணியோடு மனித குலம் தேடி அலைந்த காலம் முடிவுக்கு வருகிறது. நாலாவது மாடியில், ஏ.சி. குளிர்ச்சிக்குப் பதிலாகத் தண்ணீர் சொட்டும் கூட்ட அறையில், எம்.டி. தன் ஆள்காட்டி விரலை நீட்டப் போகிறார்.

கம்பெனி பதினைந்து வருடமாக எழுதிய கம்ப்யூட்டர் கோடு அத்தனையும் 'எல்லாம்' என்ற ஒரே டைரக்டரியில் கிடந்தது. வேலைக்கு ஒரு பெட்டி வீதம் அறுநூற்றுச் சொச்சம் ரெப்போக்கள். எதில் என்ன இருக்கிறதென்று எழுதியவர்களுக்கே தெரியாது. கோடு எழுதப் புதிதாக வேலைக்கு வைத்த ஏஐ ஏஜென்ட்டும் உள்ளே போய்த் திருதிருவென்று முழித்தது.

அதன் கையைப் பிடித்துச் சரியான ரெப்போவுக்கு அழைத்துப் போகத்தான் இந்தக் கருவி. நாலு பேர், எட்டு மாத உழைப்பு. 'துழாவி' என்ற பெயர் மட்டும் எம்.டி. குளிக்கும்போது அவருக்குத் தானாக உதித்தது.

அந்தப் பெயரில் டைரக்டரிக்குள் வைக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது.

"பக்கத்துல ரெண்டுன்னு போட்டுக்கம்மா. இதுக்கெல்லாமா என்கிட்ட வருவே, மூணாம் மேஜை?" என்றார் எம்.டி. ஊழியர்களின் பெயரை மனப்பாடம் செய்வது தலைமைப் பண்புக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. மேஜை எண்தான் பெயர்.

"சார், சின்ன டைரக்டரியிலதான் சோதிச்சிருக்கோம். 'எல்லாம்'ல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமே?" என்று, நாலு பேருக்கும் டீம் லீடான அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"முதல் தேடல் என் விரலாலதான். ரிப்பனை யாராவது ரிகர்சல்ல வெட்டுவாங்களா?"

பதினொன்றடிக்க ஐந்து நிமிடம். அந்த அறைக் கதவு புதியவர்களை உள்ளே விடாது. போன வாரம் வந்த ஆடிட்டர் கால் மணி நேரம் வெளியே நின்று தட்டினார். கருவியை வாங்க வந்திருந்த மேடமோ கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, தோளால் ஓர் இடி இடித்து, நேராக வந்து உட்கார்ந்தார்.

"வாங்க மேடம்! உங்களை மாதிரிப் பெரியவங்க காலடி இந்த ஆபீஸ்ல பட்டதே எங்க பாக்கியம்!" எம்.டி. இரண்டாக மடிந்து நிமிர்ந்தார்.

பிறகு அவையைப் பார்த்து முழங்கினார். "மேடம் முன்னாலயே சொல்றேன். கேட்டதை இது கண்டுபிடிச்சா, இந்த நாலு பேருக்கும் வேலை நிரந்தரம். இல்லைன்னா மாசக் கடைசியோட மூட்டை கட்டவேண்டியதுதான்!"

மூணாம் மேஜை கைப்பையின் வாரைத் திருகினாள். கணவருக்கு வேலை போய் நாலு மாதம். இப்போது வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான்.

"எதை வேணும்னாலும் கேக்கலாமா?" என்றார் மேடம்.

"தாராளமா! கடல்ல போட்ட கடுகைக்கூட எடுத்துக் குடுக்கும்."

"அப்ப இதைக் கேளுங்க. டைரக்டரிக்குள்ள இருக்கற ரெப்போக்களைத் தேடித் தர ஒரு கருவி வேணும். புதுசா எழுதணுமா, ஏற்கெனவே இருக்கா?"

எம்.டி. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என் குழந்தையை என்கிட்டயே கேக்கறீங்க! பலே ஆளு மேடம் நீங்க!"

விரல் நீண்டது. ஏஜென்ட் கேட்டது, துழாவி-2 துழாவியது, திரையில் எழுத்துகள் ஓடின.

'இரண்டு கிடைத்தன. ஒன்று, துழாவி-2. எட்டு மாத வேலை. இன்னொன்று, துழாவி. ஆறு வருடப் பழசு. அதே வேலையை இரண்டு மடங்கு வேகத்தில் செய்கிறது. புதிதாக எழுதத் தேவையில்லை. எழுதியவர்: ஏழாம் மேஜை, மூன்று நாளில். உடன் உள்ள குறிப்பு: வெட்டி வேலை. இதையெல்லாம் யார் தேடப் போகிறார்கள்? ஆளை வீட்டுக்கு அனுப்பவும். இப்படிக்கு, எம்.டி.'



"சார்..." மூணாம் மேஜை மெல்ல வாயைத் திறந்தாள். "கேட்டதைக் கண்டுபிடிச்சிடுச்சு."

"அதுக்கு?"

"எங்க நாலு பேருக்கும் வேலை நிரந்தரம் சார். மேடம் முன்னாலதான் சொன்னீங்க."

"ஆமாம், என் காதாலயே கேட்டேன்" என்றார் மேடம்.

எம்.டி.க்கு முகம் சிவந்துவிட்டது. "இரும்மா, இரு! முதல்ல அந்த ஏழாம் மேஜை யாருன்னு தெரியணும். இவ்வளவு பெரிய விஷயத்தை எழுதி வெச்சுட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போறது?"

மேடம் எழுந்து போய், கதவின் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"ஆறு வருஷம் முன்னாலயே சொன்னேனே சார். எங்களுக்குப் பழசையே குடுத்துடுங்க."